புதுச்சேரியிலிருந்து காவிரிப் படுகைக்குக் குடும்பக் கார்ப் பயணம்

புதுச்சேரி நகரிலிருந்து கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றிவிட்டுக் கங்கைகொண்ட சோழபுரம் வழியாகத் திரும்பும் பயணம் ஏறத்தாழ 500 கி.மீ. நீளமுடையது. மூன்று நாட்களில் முடிக்கலாம். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உடன் வந்தால் நான்கு நாட்கள் வேண்டும். இப்பயணத்தைக் காரில் மேற்கொள்ள நினைக்கும் குடும்பங்கள் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எங்கே பிசகு நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்கர்கள் தம் நாட்டின் நடுப்பகுதி மாநிலங்களை நாட்டின் இதயப் பகுதி என்று அழைப்பர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அவ்வழியே காரில் செல்வது அங்கே நெடுநாள் வழக்கம். 1926-இல் அறிவிக்கப்பட்ட புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலை, சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரையின் சாந்தா மோனிகா வரை ஏறத்தாழ 3,900 கி.மீ. ஓடியது. அங்கே திட்டமிடுவோரின் கவலை தூரம்தான்: அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே, இரவு தங்க ஊர் வருமா என்பதே கேள்வி. தமிழருக்கு அத்தகைய இதயப் பகுதி என்றால் நெற்களஞ்சியமான சோழநாட்டைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். பத்து கிலோமீட்டருக்கு ஒரு பாடல் பெற்ற தலமோ, பழைய துறைமுகமோ, சந்தை ஊரோ குறுக்கிடும். தூரம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. எந்த ஊரில் எந்த மணிக்கு இருப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதுதான் திட்டம்.

நடை சாத்தும் நேரம்

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சிதம்பரம் 65 கி.மீ., அங்கிருந்து காரைக்கால் 65 கி.மீ. என்று கூட்டிப் பார்ப்பவர்கள் ஒரே நாளில் ஆறு கோயில்கள் பார்த்துவிடலாம் என்று எண்ணிவிடுவார்கள். படுகையின் பெரிய கோயில்களில் பெரும்பாலானவை நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தி, மாலை 4 மணிக்கோ 5 மணிக்கோதான் மீண்டும் திறக்கின்றன. காலை எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் சிற்றுண்டிக்கு நின்று, பதினொன்றரைக்குச் சிதம்பரம் சேரும் குடும்பம் அவசர அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும். அடுத்த கோயிலுக்குப் போனால் கதவு மூடியிருக்கும். பிறகு நான்கு மணி நேரம் வெயிலில் எங்கே உட்காருவது என்று தெரியாது. பயணம் கசந்துபோவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆகவே ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில் ஒரு பெரிய கோயில். நடுப்பகல், கோயில் அல்லாத இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் உரியது: பிச்சாவரத்துப் படகு, வேளாங்கண்ணிப் பேராலயம், தஞ்சை அரண்மனை போன்றவை. மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொரு இடம். இந்தக் கணக்குப்படி ஒரு நாளுக்கு இரண்டு பெரிய கோயில்களே இயலும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே பார்த்ததாகாது.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல் பாவிய திருச்சுற்று முற்பகலிலேயே கால் வைக்க முடியாதபடி சுடத் தொடங்கும். செருப்பை வாயிலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1010-இல் இராசராசன் எழுப்பி முடித்த, ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள விமானத்தை நின்று நிமிர்ந்து பார்க்க வந்தவர்கள், நிழல் தேடி ஓடுவதிலேயே பொழுதைக் கழிப்பார்கள். பாட்டியும் ஆறு வயதுப் பேரனும் கூட வரும்போது, காலை எட்டு அல்லது ஒன்பது மணி என்பதை மாற்ற முடியாத நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பருவம்

காவிரிப் படுகையின் ஆண்டு, மேட்டூர் அணையின் நாட்காட்டியில் ஓடுகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, நீர் இருப்பு போதுமானால் ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவது மரபு. கல்லணையைக் கடந்து கடைமடை வரை நீர் வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்று புறப்படுபவர்கள் காண்பது வறண்ட ஆறுகளையும் தரிசாகக் கிடக்கும் வயல்களையும்தான். பச்சை வயலைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு மே மாதம் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பண்ருட்டிப் பலாப்பழம் மட்டும் அப்போது சாலையோரம் குவிந்திருக்கும்; அது ஓர் ஆறுதல்.

ஆடிப்பெருக்கையொட்டி ஆற்றில் நீர் ஓடும், குறுவை வயல்கள் பசுமையாக இருக்கும். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவல் ஆடிப்பதினெட்டாம் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குவது பலருக்கும் தெரியும். அந்த ஏரி இப்பயணத்தின் திரும்பு வழியிலேயே காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ளது. வெயில் சற்றுக் கடுமையாக இருந்தாலும், இலக்கிய ஆர்வமுள்ள குடும்பத்துக்கு ஆடி மாதம் பொருத்தமானது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வரும் பாதையும் இதுவே. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினம் வட்டாரத்தைத் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் ஆகியவை புதுச்சேரிக்கு அருகிலேயே கரையேறின. அரையாண்டு விடுமுறையில் செல்வோர், பணத்தைத் திருப்பித் தரும் விடுதியாகப் பார்த்து அறை எடுப்பதும், வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் புறப்படும் முதல் நாள் பார்ப்பதும் தேவை. எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எல்லா வகையிலும் ஏற்றது, பொங்கல் முடிந்த பின் பிப்ரவரி இறுதி வரையிலான காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஆனால் அறுவடைக் காலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. களம் போதாத ஊர்களில் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைப்பார்கள். விளிம்பில் கல்லை அடுக்கியிருப்பார்கள். அறுவடை இயந்திரங்களும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களும் பின்விளக்கு இல்லாமலே செல்லும். பகலில் இவை காட்சி, இரவில் விபத்து. இந்த மாதங்களில் கிராமச் சாலைகளில் இருட்டிய பின் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

முகூர்த்த நாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கும்பகோணத்திலும் சிதம்பரத்திலும் அன்று நல்ல அறை கிடைப்பது அரிது. மண்டபங்கள் உள்ள தெருக்களில் கார் நகராது.

என்ன கிழமை புறப்படுவது

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஞாயிறு இரவு திரும்புவதே வழக்கமான ஏற்பாடு. இந்தப் பாதையில் அது இரண்டு இடங்களில் இடறும். தரங்கம்பாடிக் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை, திருநள்ளாற்றில் சனீசுவரனை வழிபட எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வந்து சேரும் நாள். நளதீர்த்தத்தைச் சுற்றி வண்டி நிறுத்தவே இடம் இராது. அதே பயணத்தைச் சனிக்கிழமை தொடங்கித் திங்களன்று முடித்தால் இரண்டு சிக்கலும் நீங்கும். ஒரு நாள் தள்ளி வைப்பதால் கிடைக்கும் நன்மை, வேகமாக ஓட்டுவதால் கிடைக்காது.

திருவிழாக்கள் வேறு கணக்கு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகூரில் கந்தூரி, சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும், காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. விழாவைக் காணவே போகிறவர்கள் அந்த ஓர் ஊரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விழாவையும் பார்த்துவிட்டுச் சுற்றையும் முடிக்கலாம் என்பது நடக்காத காரியம்.

மூன்று நாள் வழி

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டரைக்குள் சிதம்பரம் சேரலாம். முன்பு 45ஏ என்று எண்ணிடப்பட்டிருந்த இந்தக் கடற்கரை நெடுஞ்சாலை தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகியவற்றைக் கடந்து செல்கிறது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. பரங்கிப்பேட்டையிலும் நாகப்பட்டினத்திலும் போர்த்துகீசியரும் பின்னர் ஒல்லாந்தரும், தரங்கம்பாடியில் டேனியரும், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரரும் வணிகம் செய்தனர். நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் ஐரோப்பாவின் ஐந்து கடல் வல்லரசுகள் கடை விரித்த கரை இது. வரலாற்றுப் பாடத்தில் தனித்தனியாகப் படிப்பதை மாணவர்கள் ஒரே சாலையில் வரிசையாகப் பார்க்கலாம்.

சிதம்பரத்தில் இரண்டரை மணி நேரமாவது வேண்டும். நடராசரைக் கண்டுவிட்டு உடனே திரும்பிவிடாமல், கோபுர வாயில்களில் உள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்க்க வேண்டும். நடை சாத்தும் நேரத்தில் கிளம்பினால் பிச்சாவரம் சுமார் 15 கி.மீ. அங்குள்ள சதுப்புநிலக் காட்டில் படகுச் சவாரி நடுப்பகலிலும் உண்டு. சுரபுன்னை மரங்கள் கவிந்த குறுகிய வாய்க்கால்களுக்குள் நிழலும் கிடைக்கும். மதிய உணவைச் சிதம்பரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. கத்தரிக்காய் கொத்சு இவ்வூருக்கே உரியது.

பிறகு கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் சீர்காழி. இங்கிருந்து மூன்று தூண்டில்கள் காத்திருக்கும்: வைத்தீசுவரன்கோயில், பூம்புகார், தரங்கம்பாடி. ஒரே மாலையில் மூன்றையும் முடிக்க நினைப்பது வீண். தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுப்பதே மேல், ஏனெனில் இதுபோன்ற ஊர் தமிழகத்தில் வேறு இல்லை. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரின் இசைவோடு டேனியர் இங்கே டான்சுபோர்க் கோட்டையைக் கட்டினர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் விலகினர். கோட்டைக்குள் செல்ல விரும்புவோர் நான்கு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். மாலைக் கடற்காற்றில் அரசர் தெருவில் நடந்தபின், 15 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்காலில் இரவு தங்கலாம்.

காரைக்கால் புதுச்சேரிக்காரர்களுக்கு வெளியூர் அல்ல, உள்ளூரும் அல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியோடு சேர்ந்து இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. இன்றும் ஒரே சட்டமன்றம், ஒரே அரசு. நடுவில் 130 கி.மீ. தமிழ்நாடு. காரைக்காலை அரசு அலுவலகக் கடிதங்களில் மட்டும் கண்ட புதுச்சேரிப் பிள்ளைகள் அநேகர். காரைக்கால் அம்மையார் கோயிலும், அரசலாற்று முகத்துவாரக் கடற்கரையும் அவர்கள் பார்க்க வேண்டியவை.

இரண்டாம் நாள் அதிகாலையில் திருநள்ளாறு, அது முடிந்ததும் நாகூர். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். இன்றும் எல்லாச் சமயத்தவரும் வந்து போகும் இடம். நடுப்பகலுக்கு வேளாங்கண்ணி. சாப்பிட்டு ஓய்வெடுத்துத் திருவாரூருக்கு மாலை நான்கு மணி வாக்கில் சென்றால் கமலாலயக் குளத்தங்கரையில் காற்று வரத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து கும்பகோணம் 40 கி.மீ. இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். அன்றைய மொத்தத் தூரம் 120 கி.மீ.க்குள்தான், ஆனாலும் இதற்கு மேல் ஓர் ஊரைச் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் சோழர்களுக்கு. காலை ஏழு மணிக்குத் தாராசுரம், ஒன்பதரைக்குள் தஞ்சைப் பெரிய கோயில். வெயில் ஏறியதும் அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்துக்குப் போய்ச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காணலாம். சரசுவதி மகால் நூலகமும் அங்கேதான். பிற்பகல் இரண்டு மணிக்குத் தஞ்சையை விட்டால் நான்கு மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம். பெரிய கோயில் 1987-இலும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இலும் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களாயின. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும்போதுதான் தந்தை கட்டியதற்கும் மகன் கட்டியதற்கும் பின்னவர் கட்டியதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். இராசேந்திரனின் கோயிலைச் சுற்றி இன்று நகரம் இல்லை. புல்வெளியில் தனியாக நிற்கிறது. மாலை வெயில் படும்போது பார்த்துவிட்டு ஐந்தேகாலுக்குக் கிளம்பினால், காட்டுமன்னார்கோயில் வழியாக எட்டரை மணிக்குள் புதுச்சேரி. ஓட்டுபவர் களைத்திருந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தை நான்காம் நாள் காலைக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

எல்லை, எரிபொருள், வண்டி

இந்தச் சுற்றில் மாநில எல்லையைக் குறைந்தது நான்கு முறை கடக்க நேரிடும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெட்ரோல், டீசல் மீதான வரி குறைவாதலால் விலையும் பொதுவாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவு. புறப்படும்போது ஒரு முறையும் காரைக்காலில் ஒரு முறையும் நிரப்பிக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 500 கி.மீ. பயணத்துக்குச் சுமார் 33 லிட்டர் வேண்டும்.

குறைந்த விலை மதுவுக்கும் பொருந்தும் என்பதால்தான் எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு செல்வது குற்றம், வண்டியும் பறிமுதலாகும். உறவினர் ஒருவர் பையில் வைத்த ஒரு பாட்டிலுக்காகக் குடும்பமே காவல் நிலையத்தில் காத்திருக்க நேரலாம். கிளம்புமுன் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது, சங்கடமாக இருந்தாலும்.

வாடகை வண்டி எடுப்போர், தமிழ்நாட்டுப் பெர்மிட் செலவு, சுங்கக் கட்டணம், டிரைவர் பேட்டா ஆகியவை பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று தெரிந்தவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. இன்னொன்று: குடும்பத்துக்கெல்லாம் விடுதியில் அறை எடுத்துவிட்டு, டிரைவரை வண்டியிலேயே கொசுக்கடியில் படுக்க விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மறுநாள் எட்டு உயிர்களைச் சுமந்து ஓட்டப் போகிறவர் அவர். அவருக்கு மின்விசிறியோடு ஒரு படுக்கை என்பது பயணத்தின் பாதுகாப்புச் செலவு.

சொந்தக் கார் என்றால் ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, ஃபாஸ்டேகில் இருப்பு ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். ஐந்து பேர் வண்டியில் ஏழு பேரை ஏற்றுவது, மடியில் குழந்தையை வைத்து முன்னிருக்கையில் அமர்வது இரண்டும் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டன. திடீரென்று பிரேக் போட்டால் பெரியவரின் கைப்பிடி குழந்தையைக் காக்காது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அவசர உதவிக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033.

முதியவர்களும் பிரான்சிலிருந்து வருபவர்களும்

முதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தம் தேவை. பெண்கள் பலர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்வார்கள். அது வெயில் நாளில் மயக்கத்தில் முடியும். சுத்தமான கழிப்பறை உள்ள உணவகங்களை நிறுத்தங்களாக முன்னரே குறித்துக்கொண்டால் அந்தப் பயம் போகும். மாத்திரைகள் காரின் பின்பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். முன்னிருக்கை யாருக்கு என்ற சண்டையில், கால் நீட்ட இடம் தேவைப்படும் மூத்தவருக்கே முதலுரிமை.

1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்களின் வாரிசுகள் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். அங்குள்ள பள்ளி விடுமுறையில், ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வருகின்றனர். அது ஆற்றில் தண்ணீர் வரும் காலமாதலால் அவர்களுக்கு இப்பயணம் நன்றாகவே பொருந்தும். ஆனால் அவர்கள் தாமே காரை ஓட்ட முற்படுவது நல்லதல்ல. அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகிய கை இங்கே இடப்புறத்துக்கு மாற நாட்கள் ஆகும்; பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். உள்ளூர் டிரைவரை அமர்த்திக்கொண்டால் சன்னலோரம் அமர்ந்து வயலைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காரம் குறைந்த சாப்பாடு கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் எளிதில் கிடைக்கும். சிறிய ஊர்களில் இட்லியும் மலைவாழைப்பழமும் இளநீரும் போதும்.